ஒரு விதியை நீக்கினால் ஒரு திருமண்டலம் பிரிந்துவிடுமா? அமெரிக்க எபிஸ்கோப்பல் பெருமன்றங்களின் அதிகாரமும் எல்லையும்

ஆங்கிலிக்கன் மரபில் வந்த அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபையில் ஒரு திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) தன் ஆண்டுப் பெருமன்றத்தைக் கூட்டினால், செய்தியாளர்களின் கண் முதலில் தீர்மானங்கள் மீதுதான் விழும். துப்பாக்கிக் கட்டுப்பாடு, குடியேறிகள், தன்பாலினத் திருமணம், அடிமைமுறைக்கான இழப்பீடு ஆகியவற்றைப் பற்றிப் பெருமன்றம் என்ன சொன்னது என்பதே மறுநாள் தலைப்பாகும். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இத்திருச்சபையை உலுக்கிய முடிவுகள் அத்தகைய தீர்மானங்களில் பிறக்கவில்லை. திருமண்டல அமைப்புச் சட்டத்தில் ஒரு தொடரை நீக்கு, மற்றொரு தொடரைச் சேர் என்று, படிக்கும்போதே கொட்டாவி வரவழைக்கும் திருத்தங்களில் பிறந்தன. கோடிக்கணக்கான டாலர் சொத்தும், நூற்றாண்டுகள் பழைமையான ஆலயங்களும், யார் பேராயர் என்ற கேள்வியும் அந்தத் தொடர்களைச் சுற்றித்தான் நீதிமன்றம் ஏறின. ஒரு திருமண்டலப் பெருமன்றத்துக்கு எதுவரை அதிகாரம் உண்டு என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படித் தோன்றியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்கக் குடியேற்றங்களில் இருந்த இங்கிலாந்துத் திருச்சபைச் சபைகள், விடுதலைப் போருக்குப் பிறகு தலையற்றுப் போயின. குருவானவர்கள் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர்கள். அமெரிக்க மண்ணில் ஒரு பேராயர்கூட இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு மாநிலத்திலும் குருவானவர்களும் சபை மக்களின் பிரதிநிதிகளும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு மன்றத்தைக் கூட்டிக்கொண்டார்கள். மாநில மன்றங்கள் முதலில் வந்தன. அவற்றின் பிரதிநிதிகள் ஃபிலடெல்ஃபியாவில் கூடி 1789-இல் பொதுவான அமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது பிறகு நடந்தது. பேராயர்கள் மீது அப்போது இருந்த ஐயத்துக்கு ஒரு சான்று போதும்: தென் கரோலினாவின் மன்றம் 1785-இல் இந்த இணைப்புக்கு இசைந்தபோது, தங்கள் மாநிலத்தில் பேராயர் எவரையும் நியமிக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. மன்றம் முந்தியதா, திருச்சபை முந்தியதா என்ற இந்த வரிசைச் சிக்கல் அன்று யாரையும் வருத்தவில்லை. இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து அதே தென் கரோலினாவில் அது வழக்காக எழுந்தது.

இன்றைய அமைப்பு இதுதான். நாட்டளவில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பொதுப் பேரவை இருக்கிறது. அதில் பேராயர்களின் அவை ஒன்று, குருவானவர்களும் சபை மக்களும் அமரும் பிரதிநிதிகளின் அவை ஒன்று என இரண்டு அவைகள் உள்ளன. எந்தச் சட்டமும் இரண்டிலும் நிறைவேற வேண்டும். அதற்குக் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட திருமண்டலங்கள். அவற்றில் சில அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவை. ஒவ்வொரு திருமண்டலமும் ஆண்டுதோறும் பெருமன்றத்தைக் கூட்டுகிறது. பேராயர் தலைமை தாங்குவார். திருமண்டலத்தின் குருவானவர்களும் உதவிகுருக்களும் உறுப்பினர்கள். ஒவ்வொரு சபையும் தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். வரவு செலவுத் திட்டம், சபைகள் திருமண்டலத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு, புதிய சபைகளைச் சேர்த்தல், பேராயருக்கு ஆலோசனை தரும் நிலைக்குழுவின் தேர்தல், பொதுப் பேரவைக்கு அனுப்பும் பிரதிநிதிகளின் தேர்தல், திருமண்டலத்தின் சொந்த அமைப்புச் சட்டத்தையும் விதிகளையும் திருத்துதல் ஆகியவை அங்கே நடக்கும். திருமண்டலங்கள் தங்கள் வருமானத்தில் 15 விழுக்காட்டை மேலிடத்துக்குச் செலுத்த வேண்டும் என்பது பொதுப் பேரவையின் விதி. ஆகையால் பெருமன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது வாக்களிக்கும் முறை. முக்கியமான பொருள்களில் குருவானவர்களின் வாக்கும் சபைப் பிரதிநிதிகளின் வாக்கும் தனித்தனியே எண்ணப்படும். இரண்டு பிரிவிலும் பெரும்பான்மை கிடைத்தால்தான் முடிவு செல்லும். மொத்த வாக்கில் முன்னே இருந்தாலும் ஒரு பிரிவில் தோற்றால் அது தோல்விதான். தென்னிந்தியத் திருச்சபையின் பெருமன்றத் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. இரண்டும் ஆங்கிலிக்கன் மரபில் கிளைத்தவை. பெரிய வேறுபாடு பேராயர் தேர்தலில் இருக்கிறது. இங்கே திருமண்டலப் பெருமன்றம் ஒரு பெயர்ப் பட்டியலை அனுப்ப, திருச்சபையின் தலைமை மன்றமான சினாட் அதிலிருந்து ஒருவரைத் தெரிந்தெடுக்கும். அமெரிக்காவில் பெருமன்றமே ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடும். மற்ற திருமண்டலங்கள் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அதற்கு 120 நாள் கெடு உண்டு.

தீர்மானங்களை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அவற்றில் சில, பெருமன்றத்தின் நெடிய நினைவைக் காட்டுகின்றன. நியூயார்க் திருமண்டலத்தில் கறுப்பின மக்களின் புனித ஃபிலிப் சபை, பெருமன்றத்தில் இடம் கேட்டுப் பல ஆண்டுகள் மறுக்கப்பட்டு 1853-இல்தான் சேர்க்கப்பட்டது. அச்சபைக்காக வாதாடியவர் ஜான் ஜே என்ற வழக்கறிஞர். அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியின் பேரன். அவர் 1860-இல் அடிமை வணிகத்தையும் அடிமைமுறையையும் கண்டிக்கும் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். பெருமன்றம் அவற்றை விவாதிக்காமலே கிடப்பில் போட்டது. 2019 நவம்பரில் கூடிய நியூயார்க் பெருமன்றம் அதே தீர்மானங்களை எடுத்து நிறைவேற்றியது. கூடவே இழப்பீட்டு முயற்சிகளுக்கென 11 லட்சம் டாலரையும் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு மேரிலாண்ட் திருமண்டலப் பெருமன்றம் 10 லட்சம் டாலரை அதே நோக்கத்துக்காக ஒதுக்கியது. என் கணிப்பில், பெருமன்றத் தீர்மானம் ஒன்றின் எடையை அறிய ஒரே வழி, அதன் கடைசிப் பத்தியில் பணத்தொகை இருக்கிறதா என்று பார்ப்பதுதான். தொகை இல்லாத தீர்மானம் பெரும்பாலும் கருத்தறிவிப்பு; அதை எந்தச் சபையும் பின்பற்றியாக வேண்டும் என்பதில்லை.

பேராயர் தேர்தல் அப்படியல்ல. அங்கேதான் பெருமன்றத்தின் அதிகாரமும் அதன் எல்லையும் ஒன்றையொன்று உரசுகின்றன. 2003-இல் நியூ ஹாம்ப்ஷயர் பெருமன்றம், தன்பாலின இணையருடன் வாழ்வதை மறைக்காத ஜீன் ராபின்சனைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு பொதுப் பேரவை நடந்ததால் ஒப்புதல் கேள்வி அங்கேயே வந்தது. பேரவை ஒப்புதல் தந்தது. ஒரு சிறிய திருமண்டலத்தின் தேர்வு உலக ஆங்கிலிக்கன் திருச்சபைகளையே பிளக்கும் அளவுக்குப் போனது. மரபுவாதத் திருமண்டலங்கள் அன்றிலிருந்துதான் தங்கள் அமைப்புச் சட்டங்களை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கின.

எதிர்த்திசையிலும் ஒப்புதல் முறை வேலை செய்தது. தென் கரோலினாவின் பெருமன்றம் 2006 செப்டம்பரில் மார்க் லாரன்ஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் திருமண்டலத்தில் பணியாற்றிய மரபுவாதக் குருவானவர். நாட்டிலுள்ள பேராயர்களில் பெரும்பான்மையோரும், திருமண்டல நிலைக்குழுக்களில் பெரும்பான்மையும் ஒப்புதல் எழுதித் தர வேண்டும். பேராயர்களின் ஒப்புதல் கிடைத்தது. நிலைக்குழுக்களின் ஒப்புதல்களும் எண்ணிக்கையில் போதுமான அளவு வந்ததாகவே தோன்றியது. ஆனால் அவற்றில் சில, சட்டம் கேட்கும் வடிவில் உறுப்பினர்களின் கையொப்பத்துடன் வராமல் மின்னஞ்சல் வழியே வந்திருந்தன. 2007 மார்ச்சில் தலைமைப் பேராயர் கேத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி, இந்தத் தேர்தல் செல்லாது என்று அறிவித்தார். தென் கரோலினா சளைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் கூடி, போட்டியே இல்லாமல் அவரையே தேர்ந்தெடுத்தது. இம்முறை ஒப்புதல் உரிய வடிவில் வந்தது. 2008 ஜனவரியில் அவர் அபிஷேகம் பெற்றார். கையொப்பமில்லாத சில தாள்களால் ஒரு பெருமன்றத்தின் முடிவு ஓராண்டு தள்ளிப்போனது. மேலிடத்தை நம்ப முடியாது என்ற எண்ணம் அத்திருமண்டலத்தில் வேரூன்றியதில் இந்த ஓராண்டுக்கு நிச்சயம் பங்கு உண்டு.

இப்போது சிக்கலின் மையமான விதிக்கு வருவோம். ஒரு புதிய திருமண்டலம் உருவாகும்போது, பொதுத் திருச்சபையின், அதாவது நாட்டளவிலான எபிஸ்கோப்பல் திருச்சபையின், அமைப்புச் சட்டத்துக்கும் விதிகளுக்கும் நிபந்தனையின்றிக் கட்டுப்படுவதாகத் தன் அமைப்புச் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பொது அமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. இதை ஒப்புகை விதி எனலாம். அப்படி எழுதிய தொடரைப் பிறகு அந்தத் திருமண்டலமே நீக்கலாமா, நீக்கினால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. வெளியேறலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. தனது அமைப்புச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் பெருமன்றத்துக்கு உண்டு என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை. வழக்கமாக அமைப்புச் சட்டத் திருத்தம் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுப் பெருமன்றங்களில் நிறைவேற வேண்டும். அவசரத்தைத் தடுக்க வைத்த இந்த ஏற்பாடு, பிரிய நினைத்தவர்களுக்குக் கால அட்டவணையாகப் பயன்பட்டது. எதிர்த்தரப்புக்கும் ஓராண்டு முன்னறிவிப்புக் கிடைத்தது.

சொத்து பற்றி இன்னொரு விதி உண்டு. 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜார்ஜியாவிலிருந்து வந்த ஜோன்ஸ் எதிர் உல்ஃப் வழக்கில், திருச்சபைச் சொத்துத் தகராறுகளை மதக் கோட்பாட்டுக்குள் போகாமல் பத்திரங்கள், மாநிலச் சட்டங்கள், திருச்சபையின் சட்ட ஆவணங்கள் ஆகியவற்றைக் கொண்டே மாநில நீதிமன்றங்கள் தீர்க்கலாம் என்றது. திருச்சபைகள் விரும்பினால் தங்கள் சட்டத்திலேயே சொத்து பற்றித் தெளிவாக எழுதிக்கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்புச் சுட்டியது. அதே ஆண்டு டென்வரில் கூடிய பொதுப் பேரவை ஒரு விதியை நிறைவேற்றியது: ஒவ்வொரு சபையின் சொத்தும் திருச்சபைக்காகவும் அந்தத் திருமண்டலத்துக்காகவும் நம்பிக்கைப் பொறுப்பில் (டிரஸ்ட்) வைக்கப்பட்டதாகும். அதை வரைந்த வால்ட்டர் டென்னிஸின் பெயரால் அது டென்னிஸ் விதி எனப்படுகிறது. ஒரு சபை பிரிந்துபோனால் கட்டடத்தை விட்டுச் செல்ல வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஆனால் விதியை எழுதியவர்கள் ஒரு சபை பிரிவதைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். ஒரு திருமண்டலமே எழுந்து நடந்தால் என்ன செய்வது என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

2007-க்கும் 2008-க்கும் இடையே நான்கு திருமண்டலங்கள் எழுந்து நடந்தன. சான் வாக்கீன் பெருமன்றம் 2007 டிசம்பரில் அத்தகைய திருத்தத்தின் இரண்டாம் வாசிப்பை, அதாவது இரண்டாவது ஆண்டு வாக்கெடுப்பை, நிறைவேற்றிப் பிரிந்தது. 2008 அக்டோபரில் பிட்ஸ்பர்க், நவம்பரில் இல்லினாயின் குவின்சி, அதே நவம்பரில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் எனத் தொடர்ந்தது. பிரிந்தவர்கள் தென் அமெரிக்காவில் உள்ள தெற்குக் கோன் ஆங்கிலிக்கன் மாகாணத்தின் நிழலில் ஒதுங்கினார்கள். 2009 ஜூனில் வட அமெரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபை என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். எபிஸ்கோப்பல் தலைமை எடுத்த நிலை வேறு. திருமண்டலம் என்பது பொதுத் திருச்சபையின் உறுப்பு. மனிதர்கள் போகலாம், திருமண்டலம் போக முடியாது. ஆகவே பிரிந்த பேராயர்களைப் பதவிநீக்கம் செய்து, எஞ்சியிருந்தவர்களைக் கொண்டு சிறப்புப் பெருமன்றம் கூட்டி, தற்காலிகப் பேராயரை நியமித்து, இதுதான் பழைய திருமண்டலம் என்று அறிவித்தது. ஒரே பெயரில் இரண்டு திருமண்டலங்கள், இரண்டு பேராயர்கள், இரண்டு பெருமன்றங்கள். வங்கிக் கணக்கு மட்டும் ஒன்று.

நீதிமன்றங்கள் கொடுத்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். நான்கு பெருமன்றங்களும் ஏறத்தாழ ஒரே காரியத்தைத்தான் செய்தன. கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் எபிஸ்கோப்பல் தரப்புக்குச் சொத்தைக் கொடுத்தன. 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததுடன் அது முடிந்தது. பென்சில்வேனியாவிலும் எபிஸ்கோப்பல் தரப்பே வென்றது, ஆனால் காரணம் முற்றிலும் வேறு. பிரிவுக்கு முன்பே பிட்ஸ்பர்க்கில் ஒரு சபை தொடுத்த வழக்கில் 2005-இல் சமரசம் ஏற்பட்டிருந்தது. பெரும்பான்மைச் சபைகள் விலகினாலும் திருமண்டலச் சொத்து எபிஸ்கோப்பல் திருச்சபையின் பிட்ஸ்பர்க் திருமண்டலத்திடமே இருக்கும் என்று அதில் இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தன. பெருமன்றத்தின் இரண்டு வாசிப்புகளும் அந்த ஒரு பத்திக்கு முன் நிற்கவில்லை.

குவின்சியில் நிலைமை தலைகீழ். திருமண்டலம் விலகுவதைத் தடுக்கும் வெளிப்படையான விதி எதுவும் இல்லை என்று இல்லினாய் நீதிமன்றம் 2013-இல் கண்டு, பிரிந்தவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஃபோர்ட் வொர்த் வழக்கு இன்னும் நீண்டது. அங்கே பெருமன்றம் 1989-லேயே, டென்னிஸ் விதி தங்கள் சொத்தில் உண்டாக்கும் உரிமையை மறுத்துத் தன் விதிகளில் எழுதி வைத்திருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் அதைக் கையில் எடுத்தது: மாநிலச் சட்டப்படி, திரும்பப் பெற முடியாதது என்று வெளிப்படையாகச் சொல்லாத நம்பிக்கைப் பொறுப்பை ரத்து செய்யலாம், 1989-இல் அது ரத்தாகிவிட்டது, திருமண்டலம் எது என்பதை அதன் சொந்த விதிகளின்படி பெரும்பான்மையே தீர்மானிக்கும். 2021 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. எபிஸ்கோப்பல் சபைகள் சில, தாங்கள் வழிபட்டு வந்த கட்டடங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. பெருமன்றத்தின் மேசையில் சுவையற்ற ஒரு விதித் திருத்தம் வரும்போது யாரும் எதிர்த்துப் பேசாமல் விட்டால் அதன் விலை எவ்வளவாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தென் கரோலினா கடைசியாக வந்தாலும் மிகவும் கவனமாக ஆயத்தம் செய்த திருமண்டலம் அதுதான். முதல் தூண்டுதல் வெளியிலிருந்து கிடைத்தது. பாலிஸ் தீவில் உள்ள சகல பரிசுத்தவான்கள் சபையின் வழக்கில், 1745-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றை ஆராய்ந்த மாநில உச்ச நீதிமன்றம், சொத்தின் உரிமையாளர் அல்லாத ஒருவர் தானாக விதி எழுதி அந்தச் சொத்தில் நம்பிக்கைப் பொறுப்பை உண்டாக்க முடியாது என்று 2009-இல் தீர்ப்பளித்தது. டென்னிஸ் விதி அம்மாநிலத்தில் ஆட்டங்கண்டது. அடுத்தது பொதுப் பேரவையிலிருந்து வந்தது. குருவானவர்கள், பேராயர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை விதிகளைப் பேரவை 2009-இல் மாற்றி எழுதியது. அவை 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. தலைமைப் பேராயருக்குத் திருமண்டலங்களுக்குள் இதுவரை இல்லாத அதிகாரத்தை அவை தருகின்றன என்று தென் கரோலினா கருதியது. 2010-இல் கூடிய பெருமன்றம், பொதுத் திருச்சபையின் விதிகளுக்குக் கட்டுப்படும் தொடரை நீக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு இரண்டாம் வாசிப்பும் முடிந்தது. அமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகச் சொல்லும் பகுதி மட்டும் நிபந்தனையோடு எஞ்சியது.

2011 நவம்பரில் திருமண்டலம் சபைகளுக்கு விடுதலைப் பத்திரங்களை அனுப்பியது. நம் ஊர்ப் பாகப்பிரிவினைகளில் ஒருவர் தன் பங்குக்குரிய உரிமையை எழுதிக் கொடுப்பதைப் போன்ற ஆவணம்தான் அது: உங்கள் ஆலயச் சொத்தில் திருமண்டலத்துக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அதை இதன்மூலம் விட்டுக்கொடுக்கிறோம் என்பதே அதன் சாரம். அதன் பின் நிலைக்குழு ஒரு நிபந்தனைத் தீர்மானத்தை எடுத்து வைத்தது. பேராயர் லாரன்ஸ் மீது மேலிடம் நடவடிக்கை எடுத்தால், அந்தக் கணமே திருமண்டலம் எபிஸ்கோப்பல் திருச்சபையிலிருந்து விலகியதாகிவிடும். பேராயர்களுக்கான ஒழுங்கு வாரியம் அவர் திருச்சபையைக் கைவிட்டதாக முடிவுசெய்து, 2012 அக்டோபரில் தலைமைப் பேராயர் அவருடைய ஊழியத்துக்குத் தடை விதித்ததும், தீர்மானம் தானாகச் செயலுக்கு வந்தது. நவம்பர் 17-இல் சார்ல்ஸ்டனின் புனித ஃபிலிப் ஆலயத்தில் கூடிய சிறப்புப் பெருமன்றம் அதை உறுதிசெய்தது. பெருமன்றம் விவாதித்துப் பிரியவில்லை. பிரிந்தாகிவிட்டது என்று பெருமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு நிலைக்குழு இவ்வளவு தூரம் போகலாமா என்பது, எந்தத் தரப்பில் நின்று பார்த்தாலும், நியாயமான கேள்விதான்.

எபிஸ்கோப்பல் பக்கம் நின்றவர்கள் 2013 ஜனவரியில் சார்ல்ஸ்டனின் கிரேஸ் ஆலயத்தில் தங்கள் பெருமன்றத்தைக் கூட்டி, சார்ல்ஸ் வான்ரோசன்பர்க்கைத் தற்காலிகப் பேராயராக ஏற்றார்கள். பழைய பெயரைப் பயன்படுத்த நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்ததால், ‘தென் கரோலினாவில் எபிஸ்கோப்பல் திருச்சபை’ என்ற வேறு பெயரில்தான் அவர்களால் கூட முடிந்தது. வழக்கு நெடுநாள் நடந்தது. பிரிந்த தரப்பின் வாதம் 1785-ஐ நோக்கியே போனது: தென் கரோலினாவின் மன்றம் 1789 அமைப்புச் சட்டத்துக்கு முந்தியது; தன் விருப்பத்தால் சேர்ந்த அமைப்பு தன் விருப்பத்தால் விலகலாம். விசாரணை நீதிமன்றம் 2015-இல் அதை ஏற்றது. மாநில உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில், 29 சபைகளின் சொத்து எபிஸ்கோப்பல் திருச்சபைக்கே என்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனால் ஐந்து நீதிபதிகளும் ஐந்து தனித் தீர்ப்புகளை எழுதினார்கள். பெரும்பான்மை உண்மையில் எதைச் சொன்னது என்பதே அடுத்த வழக்குக்குப் பொருளாகிவிட்டது. 2020-இல் கீழ் நீதிமன்றம் அதை முற்றிலும் வேறாகப் படித்தது.

2022 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் சபை சபையாக ஆவணங்களை எடுத்துப் பார்த்தது. இங்கேதான் விஷயம் சுவையாகிறது. திருமண்டலத்தின் ஒப்புகை விதியைவிட, ஒவ்வொரு சபையும் தன் சொந்த விதிகளில் என்ன எழுதி வைத்திருந்தது என்பதே முடிவைத் தீர்த்தது. டென்னிஸ் விதி வந்த பிறகு, பொதுத் திருச்சபையின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாகத் தெளிவாக எழுதிய சபைகள் சொத்தை இழந்தன. பொதுவான சொற்களில் தழுவிச் சென்ற சபைகள் காப்பாற்றிக்கொண்டன. 14 சபைகளின் சொத்து எபிஸ்கோப்பல் தரப்புக்கு என்றும், 15 சபைகளின் சொத்து அச்சபைகளுக்கே என்றும் பிரிக்கப்பட்டன. அதே ஆண்டு மறுவிசாரணையில் அந்த 14-இல் மேலும் சில சபைகளுக்கு முடிவு மாறியது. திருமண்டலத்தின் பொதுச் சொத்தான சீப்ரூக் தீவின் புனித கிறிஸ்டோபர் முகாம் எபிஸ்கோப்பல் திருமண்டலத்துக்குக் கிடைத்தது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சபைக் கமிட்டி, மாதிரிப் படிவத்தைப் பார்த்து எழுதிய ஒரு வாக்கியம், இன்று யார் எந்தப் பலிபீடத்தில் ஆராதிப்பது என்பதை முடிவுசெய்தது. 2022 செப்டம்பரில் இரு திருமண்டலங்களின் பேராயர்களும், எபிஸ்கோப்பல் தரப்பில் ரூத் உட்லிஃப்-ஸ்டான்லியும் பிரிந்துபோன ஆங்கிலிக்கன் தரப்பில் சிப் எட்காரும், எஞ்சிய வழக்குகளை முடித்துக்கொள்ளும் உடன்பாட்டை அறிவித்தார்கள்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு இயல்பாகவே எழும். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானபோதே சொத்துகளை வைத்திருக்கத் தனி நிறுவனமாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் ஏற்பட்டது. திருமண்டலத் தேர்தல்களும் நிர்வாகமும் இங்கும் உயர் நீதிமன்றம்வரை போனாலும், வழக்கின் பொருள் பெரும்பாலும் யார் நிர்வகிப்பது என்பதாகவே இருக்கிறது. அமெரிக்காவில் உரிமைப் பத்திரங்கள் சபைகளின் பெயரிலும் திருமண்டலங்களின் பெயரிலும் சிதறிக் கிடந்ததால், வழக்கின் பொருள் யாருடையது என்பதாயிற்று.

பொதுப் பேரவைக்கும் திருமண்டலத்துக்கும் இடையிலான எல்லை, பிரியாமல் உள்ளேயே இருந்தவர்களிடமும் சோதிக்கப்பட்டது. தன்பாலினத் திருமணச் சடங்குகள் விரும்பும் சபைகளுக்கு எல்லாத் திருமண்டலங்களிலும் கிடைக்க வேண்டும் என்று 2018 பொதுப் பேரவை தீர்மானித்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி திருமண்டலத்தின் சொந்த விதிகள் அதைத் தடைசெய்திருந்தன. அங்கே பேராயர் வில்லியம் லவ், அந்தத் தீர்மானம் தன் திருமண்டலத்தில் செல்லாது என்று ஆணையிட்டார். 2020 அக்டோபரில் ஒழுங்கு விசாரணைக் குழு அவர் விதியை மீறினார் என்று முடிவுசெய்தது. அவர் பதவி விலகினார். நீதிமன்றங்கள் மாநிலத்துக்கொரு விடை சொன்ன கேள்விக்குத் திருச்சபையின் உள்மன்றம் ஒரே விடைதான் சொன்னது: மேலே உள்ளது மேலேதான்.

இதற்கிடையில் பெருமன்றங்களின் முன் வரும் பெரிய முடிவுகளின் திசை மாறிவிட்டது. 1960-களின் நடுவில் 34 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்களைக் கொண்டிருந்த திருச்சபையில் இன்று அதில் பாதிக்கும் குறைவானவர்களே இருக்கிறார்கள். பேராயர் ஒருவரையும் அலுவலகத்தையும் தாங்க முடியாத சிறு திருமண்டலங்களுக்கு இணைப்பைத் தவிர வேறு வழி குறைவு. குவின்சியில் எஞ்சியவர்கள் 2013-இல் சிகாகோ திருமண்டலத்துடன் சேர்ந்தார்கள். ஃபோர்ட் வொர்த்தில் எஞ்சியவர்கள் பழைய பெயரை இழந்து, வட டெக்சாஸ் என்ற பெயரில் சில காலம் இயங்கி, 2022-இல் டெக்சாஸ் திருமண்டலத்துடன் இணைந்தார்கள். வழக்குக்குத் தொடர்பில்லாத இடங்களிலும் இதேதான் நடக்கிறது. 1847-இல் தொடங்கிய விஸ்கான்சின் திருமண்டலம் 1870-களிலும் 1928-இலும் பிரிந்து மில்வாக்கி, ஃபான் டு லாக், ஓ கிளேர் என மூன்றாக இருந்தது. 2024-இல் மூன்றின் பெருமன்றங்களும் மீண்டும் ஒன்றாகச் சேர வாக்களித்தன. அந்த ஜூனில் லூயிவில்லில் கூடிய பொதுப் பேரவை இசைவு தந்தது. கிழக்கு, மேற்கு மிச்சிகன் திருமண்டலங்களின் இணைப்பும், பென்சில்வேனியாவின் பெத்லகேம், மத்திய பென்சில்வேனியா திருமண்டலங்களின் இணைப்பும் அதே பேரவையில்தான் ஏற்கப்பட்டன.

இணைப்பு எழுதுவதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். மூன்று நிலைக்குழுக்கள் ஒன்றாக வேண்டும். மூன்று விதித்தொகுப்புகளில் எது நிற்கும் என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். இறந்தவர்கள் குறிப்பிட்ட திருமண்டலத்தின் பெயரில் எழுதிவைத்த நிதிகளை வழிமாறாமல் பாதுகாக்க வேண்டும். இருந்தும் இந்த இணைப்புகளில் ஒன்றிலும், பொதுப் பேரவையின் இசைவு எங்களுக்கு எதற்கு என்று எந்தப் பெருமன்றமும் கேட்கவில்லை. சேர்வதற்கு இசைவு வேண்டும் என்று ஐந்தாம் பிரிவு சொல்லில் எழுதி வைத்திருக்கிறது. பிரிவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் எழுதப்படாமல் இருந்ததால்தான், ஐந்து மாநிலங்களின் நீதிபதிகள் அந்த இடத்தைத் தங்கள் மாநிலச் சொத்துச் சட்டத்தால் நிரப்பினார்கள்.